முஅல்லிம் என்ற மாலுமி

குர்ஆன் மத்ரஸாவில் ஓதித் தருபவரை முஅல்லிம் என்கிறோம். கப்பலோட்டியை மாலுமி என்கிறோம். இரண்டுக்கும் மூலம் ஒரே அரபுச் சொல். இந்து சமுத்திரத்தில் கப்பலுக்கு வழிகாட்டியவருக்கு முஅல்லிம் என்பதே பட்டம். அது துறைமுகம் துறைமுகமாக உருண்டு, தமிழ்க் கரையில் மாலுமி ஆயிற்று.

அந்த முஅல்லிம்களில் தலையாயவர் அஹ்மத் இப்னு மாஜித். 15ஆம் நூற்றாண்டவர், இன்றைய ராஸ் அல் கைமாப் பகுதியிலிருந்த ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர். தகப்பனும் பாட்டனும் முஅல்லிம்களே. கடலில் கற்றதைப் பெரும்பாலும் செய்யுளாகவே எழுதினார். 1462இல் இயற்றிய 'ஹாவியா' ஆயிரம் பைத்துகளைத் தாண்டும். இருட்டிலும் அலையிலும் ஏட்டைப் புரட்ட முடியுமா? மனதில் நிற்க வேண்டியது பாட்டாகத்தானே இருக்க வேண்டும்!

1490ஐ ஒட்டி உரைநடையில் எழுதிய 'கிதாபுல் ஃபவாயித்' நூலில் முஅல்லிம்களை அவர் மூன்று தரமாக்குகிறார். முதலாமவர் ஒருமுறை தப்புவார், ஒருமுறை தவறுவார். இரண்டாமவர் தாம் போய்வந்த கடலை நன்கறிந்த வல்லவர். ஆனால் மௌத்தானதும் மறக்கப்படுவார். மூன்றாமவர் அறிந்ததை எழுதி வைப்பவர். அவருடைய பயன் அவருக்குப் பின்னும் நிற்கும்.

எமது மரக்காயர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டாம் தரத்தவர்கள். சோழமண்டலக் கரையில் அவர்கள் கையாண்ட கருவி ராப்பலகை. சிறு பலகை, நடுவில் துளை, அதில் முடிச்சுகளிட்ட கயிறு. முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ் விளிம்பை அடிவானில் பொருத்த வேண்டும். மேல் விளிம்பில் வடமீன் தொட்டால், அந்த முடிச்சுக்குரிய துறைக்கு நேராகக் கப்பல் நிற்கிறது. பிறகு கரையை நோக்கித் திருப்ப வேண்டியதுதான். நாகூரில் வடமீன் ஏறத்தாழ 11 பாகை உயரத்தில் நிற்கும். அமிர்தகழிக்கு அப்பால், எங்கள் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நின்று பார்த்தால் ஏறத்தாழ 8 பாகைதான். அரபுக் கடலோடிகளின் விரற்கணக்கில் சொன்னால், நாகூருக்கும் மட்டக்களப்புக்கும் இடையே சுமார் இரண்டு விரல்.

வாஸ்கொடகாமாவுக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜித் என்று எத்தனையோ பேர் படித்திருக்கிறோம். 16ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் குத்புத்தீன் நஹ்ரவாலி எழுதியதிலிருந்து பரவிய கதை அது. குடிபோதையில் வழிகாட்டினார் என்ற அவதூறும் அதில் உண்டு. ஆய்வாளர்கள் இன்று அதை ஏற்பதில்லை. 1498 ஏப்ரல் 24இல் மாலிந்தியிலிருந்து புறப்பட்ட காமாவை மே 20இல் கள்ளிக்கோட்டைக் கரையில் சேர்த்தவரை, குஜராத்தி முஸ்லிம் என்றும் 'மலேமோ கானா' என்றும் குறிக்கிறார் போர்த்துக்கேய ஆசிரியர் பாரோஸ். மலேமோ என்பது முஅல்லிம். கானா என்பது கணக, அதாவது கணக்கன். வெறும் பட்டங்கள்! உலக வரலாற்றைத் திருப்பிய பயணத்தில் வழி தெரிந்த மனிதருக்குப் பெயரே இல்லை.

பிற்காலத்திலும் இதுவே நடந்தது. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி'யை அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளுடன் சுயஸ் வழியாகச் சென்ற அப்பாய்க்கப்பல், 1938 ஓகஸ்டில் மசச்சூசெட்ஸின் குளோஸ்டரை அடைந்தது. பெயரும் 'ஃபுளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று மாறியது. உலகைச் சுற்றிய தம் கடல் அனுபவங்களை றொபின்சன் நூல்களாக்கினார். அவர் மூன்றாம் தரத்தவர். வல்வெட்டித்துறையாரோ அன்னபூரணியின் நினைவை ஊர்ப்பெருமையாகவே பேணுகிறார்கள். மரக்காயர் என்ற பெயரைச் சுமக்கும் நாம் எதைப் பேணினோம்?

வாவியில் பாய்த்தோணி விட்ட வயோதிபர்கள் எம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வாடை எப்போது விழும், கச்சான் எப்போது ஏறும், விடியப்புறத்தில் எந்த வெள்ளி எழும் என்று அவர்களிடம் கேட்டு, அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதி வைக்க ஒரு கொப்பியும் சில பின்னேரங்களும் போதும்.