ஆயிரம் கண்கள், ஒரு முகவரி

இணையம் வளர்ந்த கதை – 23

2015 டிசம்பர் 2, புதன்கிழமை. சென்னையில் அன்று ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் வெளிவரவில்லை. ஊழியர்களால் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. 1878-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகைக்கு இப்படியொரு நிலைமை வந்தது அதுவே முதல் முறை. அச்சகம் இருந்தது மறைமலை நகரில். அதற்கும் சென்னைக்கும் நடுவில் தாம்பரம். அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47.

பேப்பர் வரவில்லை. பல பகுதிகளில் கரண்ட் இல்லை. செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தன. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மேற்குத் தாம்பரத்தின் பல தெருக்களிலும் தரைத்தளம் மூழ்கி, மக்கள் மொட்டை மாடிக்கு ஏறியிருந்தார்கள். யார், எந்த மாடியில், எத்தனை பேரோடு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலையில் அந்த வாரம் இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. கையில் செல்போனும் லேப்டாப்பும் மட்டும்தான் இருந்தன.

அவர்கள் வேலை செய்த முறைக்கு ஒரு முன்கதை இருக்கிறது. அதற்கு 14 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும், ஒரு சினிமா விளம்பரத்துக்கு.

விதிகள் சொல்லாத விளையாட்டு

2001-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஏ.ஐ.’ படம் வெளிவர இருந்தது. முன்னோட்டத்தில் ஓடிய பெயர்ப் பட்டியலில் ஒரு விநோதமான வரி: ஜீனின் சாலா, உணர்வுள்ள இயந்திரங்களுக்கான சிகிச்சையாளர். அப்படியொரு தொழிலே உலகத்தில் கிடையாது. சந்தேகப்பட்டுச் சிலர் அந்தப் பெயரை இணையத்தில் தேடினார்கள். 2142-ஆம் ஆண்டில் நடப்பதுபோல் அமைத்த இணையதளங்கள் வரிசையாகத் திறந்தன. எவான் சான் என்பவரின் மர்ம மரணம் அவற்றில் கதையாக விரிந்தது. முன்னோட்டத்தின் எழுத்துகளில் வெட்டியிருந்த சின்னச் சின்னப் பள்ளங்களை எண்ணினால் ஒரு தொலைபேசி எண் கிடைத்தது. அதற்கு போன் செய்தால் அடுத்த துப்பு.

ஜோர்டன் வெய்ஸ்மன், எலன் லீ, எழுத்தாளர் ஷான் ஸ்டூவர்ட் ஆகியோர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்காக இதை உருவாக்கினார்கள். ‘தி பீஸ்ட்’ என்று பிற்பாடு பெயர் பெற்ற இதுதான் ‘ஆல்டர்னேட் ரியாலிட்டி கேம்’ என்ற வகைக்கே முன்னோடி. விதிமுறை இல்லை, பரிசு இல்லை, இது விளையாட்டு என்ற அறிவிப்புகூட இல்லை. மின்னஞ்சல், தொலைபேசி, சுவரொட்டி என்று அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே புதிர்கள் வந்து விழுந்தன.

ஏப்ரல் மாதம் ‘கிளவுட்மேக்கர்ஸ்’ என்ற பெயரில் ஒரு குழு கூடியது. உறுப்பினர்கள் 7,000 பேரைத் தாண்டினார்கள். உருவாக்கியவர்கள் அடுத்த மூன்று மாதத்துக்கு என்று கட்டிவைத்திருந்த புதிர்களை இந்தக் கூட்டம் ஒரே நாளில் உடைத்துவிட்டது. அதற்குப் பிறகு வாரா வாரம் ராத்திரி பகலாகப் புதுப்புதிர் எழுத வேண்டியதாயிற்று.

எப்படி முடிந்தது? ஒரு புதிருக்கு மோர்ஸ் சங்கேதம் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றுக்குப் பழைய ஐரோப்பிய நரம்புக் கருவியின் இசைக்குறிப்பு படிக்கத் தெரிய வேண்டும். ஜெர்மன், ஜப்பானியம் மட்டுமல்ல, கன்னடமும் ஒரு புதிருக்குத் தேவைப்பட்டது. இவ்வளவும் தெரிந்த ஒரே ஆள் எங்கும் இல்லை. ஆனால் ஏழாயிரம் பேரில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருந்தார். தெரிந்ததைப் பொதுவில் வைப்பது, அடுத்தவர் வைத்ததைச் சரிபார்ப்பது, முடிந்த புதிரை முடிந்தது என்று குறித்துவிட்டு நகர்வது. இந்த மூன்று பழக்கங்கள்தான் அந்தக் கூட்டத்தின் முழு பலமும்.

அதே ஆண்டு செப்டம்பர் 11-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டன. கிளவுட்மேக்கர்ஸ் உறுப்பினர்கள் சிலர், “இதையும் நாம் கண்டுபிடிக்கலாம்” என்று கிளம்பினார்கள். குழுவை நடத்தியவர்கள் அதைத் தடுத்துவிட்டார்கள். புதிர் என்றால் விடையை எழுதி வைத்த ஒருவர் இருப்பார், நிஜத்தில் அப்படி யாரும் இல்லை என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. இந்தச் சம்பவத்தை ஆராய்ந்து ஜேன் மெக்கோனிகல் 2003-ல் எழுதிய கட்டுரை, விளையாட்டு ஆய்வுகளில் இன்றும் பேசப்படுகிறது.

அந்த எச்சரிக்கையின் அவசியம் 2013 ஏப்ரலில் தெரிந்தது. பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது, புகைப்படங்களை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்கிறோம் என்று இணையக் கூட்டம் ஒன்று இறங்கி, சம்பந்தமே இல்லாத ஓர் இந்திய வம்சாவளி மாணவரின் பெயரைப் பரப்பியது. அந்தக் குடும்பம் பட்ட வேதனைக்கு அளவில்லை.

ஆனால் தேடப்படுவது குற்றவாளியாக இல்லாமல், உதவி கேட்பவராக இருந்தால்? 2010 ஜனவரியில் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது 4636 என்ற எண்ணுக்கு மக்கள் கிரியோல் மொழியில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். வெளிநாடுகளில் இருந்த ஹெயிட்டிக்காரர்கள் அவற்றை மொழிபெயர்த்தார்கள். இன்னொரு குழு அந்த இடங்களை வரைபடத்தில் தேடிக் குறித்தது. கென்யாவில் 2008-ல், தேர்தலுக்குப் பிந்தைய கலவரத்தின்போது பிறந்த ‘உஷாஹிடி’ என்ற மென்பொருள் அதற்குக் கைகொடுத்தது. விளையாட்டுக் கூட்டத்தின் மூன்று பழக்கங்களும் இங்கே உயிர் காக்கும் வேலைக்கு வந்தன.

முடிச்சூரில் எந்த லட்சுமி நகர்?

சென்னைத் தன்னார்வலர்கள் எத்தனை பேருக்கு ‘தி பீஸ்ட்’ பற்றித் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தெரிந்திருக்க அவசியமும் இல்லை. நிலைமையே அவர்களை அதே முறைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

‘சென்னை ரெயின்ஸ்’ என்ற ஹேஷ்டேகில் ட்விட்டரில் வந்து குவிந்த செய்திகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. ஒரு தெருப் பெயர், ஒரு செல்போன் எண், வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருக்கிறது என்ற தகவல், “உடனே படகு தேவை” என்ற வேண்டுகோள். பல செய்திகளைப் போட்டவர் வெள்ளத்தில் இருப்பவரே அல்ல. பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மகனோ மகளோ. கடைசியாக அம்மாவிடம் பேசியபோது கேட்ட அரைகுறைத் தகவல்தான் அவர்கள் கையிலிருந்த துப்பு.

இப்போது ஒரு முகவரியைத் தேட வேண்டும் என்று வையுங்கள். “லட்சுமி நகர், இரண்டாவது குறுக்குத் தெரு, தாம்பரம்” என்று செய்தி சொல்கிறது. புறநகரில் லட்சுமி நகர்கள் எத்தனை, பாரதி நகர்கள் எத்தனை என்பது இங்கே வீடு தேடி அலைந்த எவருக்கும் தெரியும். மனைப் பிரிவு போட்டவர் வைத்த பெயர் ஒன்று, பஞ்சாயத்துப் பதிவில் ஒன்று, ஆட்டோக்காரருக்குத் தெரிந்த அடையாளம் வேறொன்று. தபாலுக்குத் தாம்பரம் என்று எழுதும் வீடு முடிச்சூர் ஊராட்சியில் இருக்கும், பக்கத்துத் தெரு அன்றைய பெருங்களத்தூர் பேரூராட்சியில் இருக்கும். கூகுள் மேப்பில் தேடினால் முதலில் வருவது வேறு ஊராக இருக்கும். “எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்? எந்தக் கோயிலுக்கு எதிரே?” என்று ஒருவர் கேட்க, அந்த வட்டாரத்தில் வளர்ந்த இன்னொருவர் அதற்குப் பதில் சொல்ல, மூன்றாமவர் அதை அட்சரேகை தீர்க்கரேகையாக மாற்றித் தர, அப்போதுதான் படகுக்காரருக்குச் சொல்ல ஒரு வழி பிறக்கும்.

இப்படிச் சேர்ந்த தகவல்களைத் தன்னார்வலர்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கூகுள் அட்டவணைகளில் ஏற்றினார்கள். அவற்றை ஒன்றுதிரட்ட ‘சென்னை ரெயின்ஸ்’ என்ற பெயரிலேயே ஓர் இணையதளம் எழுந்தது. மாட்டிக்கொண்டவர்கள் ஒரு பக்கம், தங்க இடம் தருகிறோம் என்பவர்கள் ஒரு பக்கம், சாப்பாடு சமைத்துத் தருபவர்கள் ஒரு பக்கம். நடிகர் சித்தார்த்தும் ஆர்.ஜே. பாலாஜியும் உதவி தேவைப்படும் இடங்களையும் உதவுபவர்களையும் இணைக்கும் வேலையில் இறங்கினார்கள். வரைபடக் கலைஞர் அருண் கணேஷ், மேப்பாக்ஸ் நிறுவனத்தின் துணையோடு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மீது ஒரு வெள்ள வரைபடம் அமைத்தார். தண்ணீர் நிற்கும் தெருவை மக்களே தொட்டால் அதன் நிறம் மாறும். ஆயிரக்கணக்கான தெருக்கள் அப்படிக் குறிக்கப்பட்டன.

இதில் யார் கண்ணிலும் படாத, ஆனால் மிகக் கடினமான வேலை ஒன்று இருந்தது. மீட்கப்பட்ட பிறகும் அதே வேண்டுகோள் வாட்ஸ்ஆப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். நேற்றைய செய்தியை இன்று ஒருவர் புதிதுபோலப் பகிர்வார். படகு காலி வீட்டுக்குப் போனால், அந்த நேரத்தில் வேறொரு மாடியில் காத்திருப்பவர் கதி என்ன? அதனால் தன்னார்வலர்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டு, பேசி, சரிபார்த்து, “முடிந்தது” என்று குறித்தார்கள். சார்ஜ் தீர்ந்து அணைந்துபோன எண்களைத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். இந்தப் பொறுமைதான் அந்த வாரத்தின் உண்மையான சாதனை.

எந்தத் தண்ணீர்?

ஊர் முழுக்க அப்போது ஒரே பேச்சு, செம்பரம்பாக்கம். ஏரி திறப்பு விநாடிக்கு 29,000 கனஅடி வரை போனது. அடையாற்றங்கரையில் சென்னை நகரம் மூழ்கியதற்கு அந்தத் தண்ணீர் பெரிய காரணம். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். இங்கே ஏரிகளின் உபரி நீர் வழியும் கலங்கல் எங்கே, உபரிக் கால்வாய் எந்த மனைப் பிரிவுக்கு அடியில் காணாமல் போனது என்பது பழைய ஆட்களுக்குத்தான் தெரியும். செம்பரம்பாக்கம் மதகை மூடினால் முடிச்சூரில் தண்ணீர் வடியும் என்று காத்திருப்பது வீண் என்பதை அவர்களால்தான் சொல்ல முடிந்திருக்கும். ஏழாயிரம் பேரில் கன்னடம் தெரிந்தவர் ஒருவர் தேவைப்பட்டதுபோல, இங்கே கலங்கல் தெரிந்தவர் தேவைப்பட்டார்.

பொய்த் துப்புகளுக்கும் குறைவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று செய்தி பரவியது. பண்ணை நிர்வாகம் மறுத்த பிறகும் அது நிற்கவில்லை. இன்னும் பெரிய மழை வரப்போவதாக நாசா சொன்னது என்று ஒரு வதந்தி கிளம்பி, ஏற்கெனவே நடுங்கிப் போயிருந்தவர்களை மேலும் கலங்கடித்தது. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானைப் போன்றவர்கள் எளிய தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மழை விளக்கங்களை மக்கள் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கியதும் இந்தப் பருவத்தில்தான்.

எட்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, பெருங்களத்தூர் பக்கம் நெடுங்குன்றம் சாலையில் ஒரு முதலை கடந்து போகும் வீடியோ வந்தது. இதுவும் புரளி என்று பலர் நினைத்தார்கள். இந்த முறை அது நிஜம். நீர்நிலைகளில் சதுப்புநில முதலைகள் சில இருப்பதை சுற்றுச்சூழல் துறைச் செயலாளர் சுப்ரியா சாஹு உறுதிப்படுத்தி, மக்கள் பயப்பட வேண்டாம் என்றார். போன தடவை பொய்யாக இருந்ததால் இந்தத் தடவையும் பொய் என்று முடிவு கட்ட முடியாது. ஒவ்வொரு துப்பையும் அதனதன் தகுதியில் சோதிக்கத்தான் வேண்டும்.

திரையில் தீர்ந்த புதிர் தண்ணீரில் தீர்ந்துவிடாது. 2015-ல் கடைசியில் அந்த மாடிகளுக்குப் போனவர்கள் ராணுவத்தினர், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், தீயணைப்பு வீரர்கள், சொந்தப் படகுகளோடு வந்த மீனவர்கள். ட்விட்டர் கணக்கு இல்லாத குடிசைவாசிகளின் குரல் எந்த அட்டவணையிலும் ஏறவில்லை என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களைத் தேடிப் போனவர்கள் பெரும்பாலும் பக்கத்துத் தெரு இளைஞர்கள்தான்.

அந்த வெள்ளத்துக்கு நான்கு ஆண்டு கழித்து, இதே சென்னையிலிருந்து ஒருவர் நிலவிலேயே ஒரு துப்பைக் கண்டுபிடித்தார். 2019 செப்டம்பர் 7-ல் நிலவில் இறங்கும்போது தொடர்பு அறுந்த இந்தியாவின் விக்ரம் லேண்டரைத் தேடி, நாசா பொதுவில் வெளியிட்ட படங்களைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். முன்பு இல்லாத ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி. அவர் அனுப்பிய தகவலைப் பெற்ற நாசா விஞ்ஞானிகள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அக்டோபரிலும் நவம்பரிலும் எடுத்த புதிய படங்களோடு சரிபார்த்து, அது விக்ரமின் சிதறல்தான் என்று டிசம்பர் 2-ல் அறிவித்தார்கள். மோதிய இடத்துக்கு சுமார் 750 மீட்டர் வடமேற்கே கிடந்த அந்தத் துண்டுக்கு, நாசா படத்தில் அவர் பெயரின் முதல் எழுத்தான ‘எஸ்’ என்றே அடையாளம் இட்டிருக்கிறார்கள்.

மறுபடி தாம்பரத்துக்கே வருவோம். அது 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மழைக்காலக் கவலை இன்னும் தீரவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் ஒவ்வொரு குடியிருப்போர் நலச் சங்கமும் தங்கள் தெருக்களின் சரியான இருப்பிடம், நடக்க முடியாத முதியவர்கள் இருக்கும் வீடுகள், தண்ணீர் முதலில் ஏறும் மூலை, உபரிக் கால்வாய் போகும் பாதை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இவற்றையும் அதே தாளில் எழுதுங்கள்.

(தொடரும்)