குழு இல்லங்களும் அவற்றின் ஒழுங்குமுறையும் (தமிழ்நாடு)

மாற்றுத்திறனாளிகள் சிலர், உதவியாளர் ஒருவரோ இருவரோ உடனிருக்க, குடியிருப்புத் தெருவிலுள்ள ஒரு வீட்டில் சேர்ந்து வாழும் ஏற்பாட்டைக் குழு இல்லம் என்கிறோம். பெற்றோர் மறைந்தபின் தனித்துவிடப்படும் அறிவுசார் குறைபாடுடையோர், மனநோயிலிருந்து தேறியும் போக இடமில்லாதோர், பன்முகக் குறைபாடுடையோர் ஆகியோரே பெரும்பாலும் இவற்றில் வாழ்கிறார்கள். சிட்லபாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகர்த் தெரு ஒன்றில் இப்படியொரு வீடு அமைந்தால் அதற்கு யார் அனுமதி தருவது, யார் சோதிப்பது, யாருக்குத் தடுக்கும் உரிமை உண்டு? இக்கேள்விகளுக்குத் தமிழ்நாட்டில் விடை மெதுவாகவே கிடைத்தது. அதுவும் பல உயிர்கள் போன பிறகு.

நோயுற்றவர்களை ஊருக்கு வெளியே வைப்பதுதான் பழைய நடைமுறை. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வாலன்டைன் கானலி 1794இல் சென்னையில் தொடங்கிய மனநல விடுதியின் வழிவந்த மருத்துவமனை, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்கான சானடோரியத்தை நகரை விட்டுத் தள்ளித் தாம்பரத்தில் அமைத்தார். இன்று அதைச் சுற்றிலும் வீடுகள். சிட்லபாக்கமும் அதன் பக்கத்து ஊர்தான். 1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம் காப்பகங்களுக்கு உரிமம் கேட்டது. தெருவில் ஒரு வீடு எடுத்து வாழ்வது அச்சட்டத்தின் சிந்தனையிலேயே இல்லை.

1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. உரிமமின்றி மனநல விடுதி நடத்தக்கூடாது என்று அது தெளிவாகச் சொன்னது. ஆனால் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு வந்த குடும்பங்களை நம்பி உரிமமில்லாத விடுதிகள் பல நடந்துகொண்டிருந்தன. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அவற்றில் ஒன்றில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை, உள்ளே இருந்தவர்களில் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். சில நாட்களில் அவ்வகை விடுதிகள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, எல்லா மாநிலங்களிலும் பதிவு செய்யாத விடுதிகளைக் கண்டறிய உத்தரவிட்டது. மறு ஆண்டே தமிழ்நாடு மனநல மறுவாழ்வு மையங்களுக்கான பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. சட்டம் இல்லாததால் அந்த 28 பேர் இறக்கவில்லை. இருந்த சட்டம் அந்தக் கொட்டகைக்குள் நுழையாததால் இறந்தார்கள்.

பிற குறைபாடுகளுக்கான இல்லங்களை 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பதிவின்கீழ் கொண்டுவந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகியவற்றுக்கென 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. வாழ்நாள் முழுவதும் தங்கும் குழு இல்லங்களுக்கென அதன்கீழ் வந்த திட்டத்தின் பெயர் ‘கரௌண்டா’.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதையொட்டி வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமூகத்தில் வாழ்வதை மாற்றுத்திறனாளியின் உரிமையாக்கியது. குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லாதபடி அரசு முயலவேண்டும் என்றும் அது சொல்கிறது. அதே சட்டத்தின் 50, 51ஆம் பிரிவுகள் நிறுவனங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கி, விண்ணப்பத்தின் மீது 90 நாட்களுக்குள் சான்று தரச் சொல்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு படி மேலே சென்று, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் வைத்திருக்கக்கூடாது என்றது. பதிவின்றி நிறுவனம் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம்.

சிக்கல் இங்கேதான். உறவினரோடோ நண்பரோடோ ஒருவர் வாழும் குடும்ப வீட்டை 2017ஆம் ஆண்டுச் சட்டம் ‘நிறுவனம்’ என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய ‘தி பேன்யன்’ அமைப்பு, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில் நான்கைந்து பேரை வாடகை வீட்டில் குடியமர்த்துகிறது. அவர்களே சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், அக்கம்பக்கத்தாரோடு பழகுகிறார்கள். இது நிறுவனமா, வீடா? நூறு பேர் தங்கும் காப்பகத்துக்குக் கேட்கும் கட்டட உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று அத்தனையையும் இரண்டு படுக்கையறை வாடகை வீட்டிடமும் கேட்டால் அந்த வீடு தொடங்கவே முடியாது. ஒன்றுமே கேட்காமல் விட்டால் ஏர்வாடி திரும்பும். எத்தனை பேர் தங்குகிறார்கள், வெளிக்கதவுச் சாவி யார் கையில் இருக்கிறது என்பவற்றை அளவாகக் கொண்டு சிறு வீடுகளுக்குத் தனி விதி எழுதுவதே நியாயம்.

அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பு எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் கிளிபர்ன் நகரம், அறிவுசார் குறைபாடுடைய 13 பேருக்கான வீட்டுக்குத் தனி அனுமதி கேட்டு, பிறகு அதையும் மறுத்தது. எதிரே பள்ளிக்கூடம் இருக்கிறது, மாணவர்கள் கேலி செய்வார்கள் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 1985இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பு வெறும் தப்பெண்ணத்தில் நிற்கிறது என்று தள்ளியது. நம் 2016, 2017ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டிலும் அண்டைவீட்டார் சம்மதம் ஒரு நிபந்தனையாக இல்லை. குடியிருப்போர் நலச் சங்கம் தீர்மானம் போட்டால் அதற்குச் சட்ட வலு கிடையாது. குழு இல்லத்தில் வாழ்பவர்கள் கொடுமைக்கு ஆளாவதாகச் சந்தேகப்பட்டால் புகார் தருவதற்கு எல்லோருக்கும் வழி உண்டு. ஆனாலும் வீட்டு உரிமையாளர் “வேண்டாம்” என்றால் பேச்சு அத்தோடு முடிகிறது. அந்த இடத்தில் 5ஆம் பிரிவு எட்டாத தூரத்தில் நிற்கிறது.

சோதனை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் காட்டியது. உரிய பதிவின்றி நடந்த ஆசிரமம் ஒன்றிலிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். காணாமல்போனவர்கள், வன்கொடுமை குறித்த புகார்களால் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. ஏர்வாடிக்கு 21 ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்தில்.

சிட்லபாக்கம் பேரூராட்சி 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் அது இருக்கிறது. ஆகவே இங்கே ஓர் இல்லம் தொடங்குபவர் கட்டட விவகாரத்துக்கு மாநகராட்சிக்கும், மாற்றுத்திறனாளிகள் நலன் சார்ந்த காரியங்களுக்குச் செங்கல்பட்டுக்கும், மனநலம் சார்ந்ததென்றால் மாநில மனநல ஆணையத்துக்கும் போகவேண்டும். பெண்கள் தங்குவதானால் 2014ஆம் ஆண்டின் மகளிர், சிறுவர் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் சேரும். இத்தனை வாசல்களிலும் கேட்கவேண்டிய ஒன்று உண்டு. 2015 மழையில் ஏரி நிரம்பி இந்த ஊர்த் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. அப்படியொரு இரவில் தரைத்தளத்தில் சக்கர நாற்காலியில் இருப்பவரை மாடிக்கு ஏற்ற எத்தனை பேர் அந்த வீட்டில் இருப்பார்கள் என்பதை, சான்று தருமுன் நேரில் போய்ப் பார்க்கும் அதிகாரி விசாரித்து எழுதவேண்டும்.