தீபாவளித் திரைப்படமும் பட்டாசுக் கணக்கும்

தீபாவளிக்கு இரண்டு திங்கள் இருக்கும்போதே, "இந்த வருசம் யார் யார் படம்?" என்னும் வினா தமிழ்நாடெங்கும் எழுந்துவிடும். விருதுநகரை அடுத்த சூலக்கரையில் வாழும் நமக்கும் அவ்வினாவில் ஆர்வம் உண்டு. ஆயினும் இப்பகுதியில் அதனோடு இன்னொரு வினாவும் சேர்ந்தே எழும்: "வேலை என்றைக்கு முடியும்?" இவ்விரண்டாம் வினாவின் வழியே தீபாவளித் திரைப்பட வரலாற்றை அணுகிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணெய்க் குளியல், புத்தாடை, பலகாரம், பட்டாசு, புதுப்படம் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். இவ்வரிசையின் இறுதி இரண்டும் வயதில் இளையவை. வாணவேடிக்கை அரசர் விழாக்களிலும் கோயில் விழாக்களிலும் முன்பே இருந்ததுதான். ஆனால் வீட்டுக்கு வீடு வெடிக்கும் சிவகாசிப் பட்டாசு கடந்த நூற்றாண்டின் பிள்ளை. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு என்று தொழில் விரிந்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டு வெளிநாட்டு வெடிகளின் வரவு தடைப்படவே, 1940களில் உரிமம் பெற்ற ஆலைகள் இங்கே காலூன்றின.

அதே பத்தாண்டில்தான் தீபாவளித் திரைப்படமும் தன் முதற்பெரும் வெற்றியைக் கண்டது. 1944 அக்டோபர் 16, தீபாவளியன்று வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது யாவரும் அறிந்த செய்தி. அதன் நாயகர் எம்.கே. தியாகராஜ பாகவதரோ, இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவ்வாண்டின் இறுதியிலேயே கைதாகி, 1947இல்தான் விடுதலையானார். நாயகர் சிறையில் இருக்க, அவர் படத்தை மக்கள் மீண்டும் மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தனர். 1952 அக்டோபர் 17, தீபாவளியன்று 'பராசக்தி' வந்தது. சிவாஜி கணேசன் என்னும் புதுமுகம் ஒரே நாளில் நட்சத்திரமானது அப்படத்தால்தான்.

பின்னர் இது போட்டியாகவே வளர்ந்தது. 1987இல் 'நாயகன்', 'மனிதன்'. 1991இல் 'தளபதி', 'குணா'. 1992இல் 'தேவர் மகன்', 'பாண்டியன்'. 1995இல் 'முத்து', 'குருதிப்புனல்' என ஒரே தீபாவளியில் இருபெரும் நடிகர்களின் படங்கள் மோதின. பட்டாசுப் பெட்டியின் மேலும் தீப்பெட்டியின் மேலும் நடிகர் முகங்கள் அச்சாயின. திரைப்படச் சுவரொட்டிகள் பலவும் சிவகாசி அச்சகங்களிலிருந்தே புறப்பட்டன. 2005 தீபாவளியில் 'சிவகாசி' என்னும் பெயரிலேயே விஜய் நடித்த படம் வந்தது. கதை என்னவோ பட்டாசுத் தொழிலைப் பற்றியதன்று. தீப்பெட்டி ஆலைச் சிறுவர்களைப் பற்றிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) ஓர் ஆவணப்படம். அதற்குத் தீபாவளி வெளியீடு ஏது?

படங்கள் ஏன் தீபாவளியைத் தேடி வந்தன? புராணத்தில் இதற்கு விடை இல்லை. சம்பளப் பட்டியலில் உண்டு. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் ஒரு குறைந்த அளவையும் உச்ச அளவாக 20 விழுக்காட்டையும் வகுத்தது. கணக்காண்டு முடிந்த எட்டுத் திங்களுக்குள் வழங்கவேண்டும் என்றது. மார்ச்சில் கணக்கு முடிப்போர்க்கு நவம்பர் இறுதியே எல்லை. ஆகவே தீபாவளிக்கு முன்பே போனஸ் என்பது வழக்கமாகி வேரூன்றியது. ஓய்வும் ரொக்கமும் ஒருங்கே வாய்க்கும் நாளைத் திரைத்துறை கண்டுகொண்டதில் வியப்பில்லை.

இந்த உண்மை எங்கும் விட இப்பகுதிக்கே மிகவும் பொருந்தும். ஊரார் பட்டாசு வாங்கத் தொடங்கும் வேளையில்தான் இங்கே ஓராண்டு உழைப்பு முடிகிறது. கடைசிச் சரக்கு ஏறும், ஆலை பூட்டப்படும், கணக்குத் தீர்க்கப்படும், போனஸ் கைக்கு வரும். அதன்பின் சில வாரங்கள் விடுமுறை. வெடிமருந்தின் நடுவே உயிரைப் பணயம் வைத்து ஆண்டு முழுதும் உழைத்தவர்க்கு, 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த வட்டாரத்தவர்க்கு, அச்சமின்றிக் கழியும் வாரங்கள் அவை. திரையரங்கு அவ்வாரங்களின் இயல்பான புகலிடம்.

இந்தப் பொருத்தம்தான் இப்போது மெல்லக் குலைகிறது. 2018இல் 'சர்க்கார்', 2021இல் 'அண்ணாத்த', 2024இல் 'அமரன்' ஆகியவை தீபாவளி நாளிலேயே வந்தன. ஆனால் 2019இல் 'பிகில்', 'கைதி' இரண்டும் பண்டிகைக்கு இரு நாள் முன்பாக வெள்ளியன்றே வந்துவிட்டன. 2022இல் 'சர்தார்', 'பிரின்ஸ்' மூன்று நாள் முன்பு. 2023இல் 'ஜப்பான்', 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' இரு நாள் முன்பு. 2025இல் அக்டோபர் 20 தீபாவளிக்கு 'பைசன்', 'டியூட்' அக்டோபர் 17இலேயே. 2026இலோ தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை.

தயாரிப்பாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. முதல் மூன்று நாள் வசூலே ஒரு படத்தின் விதியை எழுதும் காலம் இது. வெள்ளியன்று ஊர் திரும்பும் மாதச் சம்பளக்காரர்க்கு இந்த ஏற்பாடு வசதியே. ஆனால் அந்த வெள்ளியன்று சிவகாசி வட்டாரத்தில் கடைசிச் சரக்கு ஓய்ந்திராது, கணக்கும் தீர்ந்திராது. பட்டாசுக்காரர் கைகழுவி வரும்போது படத்தின் 'முதல் நாள்' என்றோ முடிந்திருக்கும்.

பிறகு பார்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். முன்பு ஆகும், ஐம்பது நாள், நூறு நாள் என்று ஓடிய காலத்தில் அவ்விடுமுறை வாரங்கள் முழுதும் படம் காத்திருந்தது. இன்று இரண்டாம் வாரத்திலேயே காட்சிகள் குறைகின்றன. பல படங்கள் நான்கு வாரங்களில் கைப்பேசித் திரைக்கு வந்துவிடுகின்றன. கைப்பேசியிலும் அதே படம்தான். ஆனால் ஊரோடு சேர்ந்து கைதட்டிப் பார்க்கும் இன்பம் அதில் இல்லை.

'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகள் காத்திருந்தது. அவ்வளவு வேண்டா. நாட்டுக்கெல்லாம் வெடி கட்டித் தருபவரின் கணக்குத் தீரும் வரையேனும், ஒரு மூன்று நாள், தீபாவளித் திரைப்படம் பொறுத்திருக்கலாம் என்பதே நமது விருப்பம்.