சாய்வு என்ற குற்றம்

விமர்சகனின் வாயை அடைக்க நம்மிடையே ஓர் ஆங்கிலச் சொல் போதும்: 'பயஸ்'. எனக்கும் அது கிடைத்திருக்கிறது. பாரபட்சம் என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். சொல்லின் சரித்திரம் வேறு விதமாக இருக்கிறது.

பிரெஞ்சில் அது சாய்கோட்டைக் குறித்த சொல். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. (துணியை மூலைவாட்டில் வெட்டுவதற்கு இன்றும் அதே பெயர்.) அங்கே, புல்தரையில் பந்து உருட்டி ஆடும் 'பௌல்ஸ்' ஆட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இந்தப் பந்து ஒரு பக்கமாகச் சாயும்படியே செய்யப்படுவது. முன்பு ஈயம் வைத்துக் கனமேற்றியதுண்டு. இன்று வடிவத்திலேயே கோணல் இருக்கிறது. வேகம் உள்ளவரை ஏறக்குறைய நேராகப் போகிறது. வேகம் தளரத் தளர வளைகிறது. மறித்து நிற்கும் பந்துகளைச் சுற்றிக்கொண்டு இலக்கைச் சேர முடிவது இந்தக் கோணலால்தான். ஆட்டக்காரனின் திறமை, தன் பந்தின் கோணலை அறிந்து உருட்டுவதில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் அரசி இந்த ஆட்டத்தை வைத்தே தன் விதியை நொந்துகொள்கிறாள். மனத்தின் சாய்வுக்கு இச்சொல் வந்தது அந்தப் புல்தரையிலிருந்துதான்.

மற்றச் சொற்களும் எடையையும் சரிவையும் விட்டு அதிகம் விலகவில்லை. 'இன்கிளினேஷன்' சாய்தல். 'பென்ட்' வளைவு; அதன் வினை, பழைய ஆங்கிலத்தில், வில்லுக்கு நாணேற்றுவது. 'புரொக்ளிவிட்டி' இறக்கம், பெரும்பாலும் கெட்ட பழக்கங்களுக்கே ஒதுக்கப்பட்டுவிட்டது. 'புரொபென்ஸிட்டி' முன்னால் தொங்குவது. மனிதனின் பண்டமாற்று இயல்பைச் சொல்ல ஆடம் ஸ்மித் 1776இல் அதை எடுத்தார். 1936இல் கெய்ன்ஸ் கையில் அது நுகர்வின் விகிதமாகி, வங்கித் தேர்வு எழுதுகிறவன் மனப்பாடம் செய்யும் சொல்லாயிற்று. கவுண்டரில் நான் மாதாமாதம் வழங்கும் 'பென்ஷ'னும் இதே வேர்தான்: தராசில் தொங்கவிட்டு, நிறுத்துக் கொடுப்பது.

'பிரெடிலெக்ஷன்' தனியாக நிற்கிறது. அதற்குள் இருக்கும் லத்தீன் வினைக்குத் தேர்ந்து நேசிப்பது என்று பொருள். மற்றவை விழுகின்றன, இது தேர்கிறது.

ரசனையின் அளவுகோல் பற்றி 1757இல் வெளியான கட்டுரையில் டேவிட் ஹ்யூம், நல்ல விமர்சகன் முன்முடிவுகளிலிருந்து விடுபட்டவனாக இருக்கவேண்டும் என்கிறார். அதே கட்டுரையில், சற்றுத் தள்ளி, ஒருவனுக்கு இருபதில் ஓவிட், நாற்பதில் ஹோரஸ், ஐம்பதில் டாசிடஸ் பிடித்தமாகலாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறார். சுபாவத்துக்கு இசைவானதன்பால் எழும் இந்த விருப்பத்துக்கு அவர் எடுக்கும் சொல் 'பிரெடிலெக்ஷன்'தான். அது குற்றமற்றது, தவிர்க்க முடியாதது, அதைத் தீர்த்துவைக்க அளவுகோலும் கிடையாது என்கிறார், அளவுகோலைத் தேடி அந்தக் கட்டுரையை எழுதியவர்.