விளக்குக் கம்பமும் மன்ற இருக்கையும்

மணிமேகலையின் சிறைசெய் காதையில் மருதி என்னும் பார்ப்பனியின் வரலாறு வருகிறது. காவிரியில் நீராடி வருபவளைக் காகந்த மன்னனின் மகன் காமுற்று அழைக்கிறான். பிறன் நெஞ்சில் தான் புகுந்ததே தன் கற்பின் குறை என்று கலங்கிய மருதி, இல்லம் திரும்பாமல் நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப்பூதத்திடம் சென்று முறையிடுகிறாள். ஏழு நாளுக்குள் அரசன் அவனைத் தண்டிப்பான் என்கிறது பூதம். அரசனும் பெற்ற மகன் என்று பாராமல் வாளால் வெட்டுகிறான். நகரம் ஒன்று பெண்ணின் முறையீட்டுக்குச் செவிசாய்த்ததைக் காட்டும் பழந்தமிழ்ச் சான்றுகளுள் இது குறிப்பிடத்தக்கது.

ஆயினும் பாடம் நடத்துவோர் விரைந்து கடந்துவிடும் இடம் ஒன்று அக்கதையில் உண்டு. நீதி வழங்கும் பூதம் மருதியையும் கண்டிக்கிறது. பயனற்ற கதைகளைக் கேட்டாய், விழாவிலும் கடவுள் வழிபாட்டிலும் மனம் வைத்தாய், ஆகவே மழை உன் ஏவலைக் கேளாது என்கிறது. குற்றம் செய்தவனுக்கு வாள், முறையிட்டவளுக்கு அறிவுரை. அந்த நேரத்தில் அங்கே உனக்கு என்ன வேலை என்று இன்றைய காவல் நிலையத்தில் எழும் கேள்விக்கு இவ்வளவு நீண்ட மரபு இருக்கிறது. பூதத்தின் அவையில் இன்னொரு பெண் அமர்ந்திருந்தால் அக்கண்டிப்பு எழுந்திருக்குமா என்று காப்பியம் கேட்கவில்லை. நம் நகர வரலாற்றை அக்கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்.

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29இல் தொடங்கப் பெற்றது. சட்டமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதில் சென்னை மாகாணம் 1921இல் இந்தியாவுக்கே வழிகாட்டியது. 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சட்ட மேலவையின் துணைத்தலைவரானார். இருப்பினும் ரிப்பன் மாளிகையின் தலைமை நாற்காலியில் ஒரு பெண் அமர 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு தாரா செரியன் மேயரானார். மாநகராட்சி தோன்றி அதற்குள் 268 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கணவர் பி.வி. செரியன் 1949-50இல் அதே பதவியை வகித்தவர். அடுத்து 1971-72இல் காமாட்சி ஜெயராமன். மூன்றாமவர் ஆர். பிரியா, 2022இல், அப்பதவிக்கு வந்த முதல் தலித் பெண் அவரே. இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையே அரை நூற்றாண்டு. மேயரை ‘நகரத் தந்தை’ என்று நெடுங்காலமாக எழுதி வந்த நம் மொழி, தாரா செரியனை எப்படி அழைப்பது என்று சற்றே திகைத்திருக்க வேண்டும். சொல்லாக்கத்தில் வல்ல தமிழறிஞர் அன்று பலர் இருந்தும் ‘நகரத் தாய்’ என்னும் வழக்கு வேரூன்றவில்லை.

இந்த மூன்று பெயர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் வரலாற்றின் பெரிய உண்மை கண்ணுக்குத் தப்பிவிடும். 1973 இறுதியில் வருகைப் பதிவேட்டு ஊழலை ஒட்டி மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. 1996 அக்டோபர் வரை 23 ஆண்டுகள் தேர்தலே இல்லை. தனி அலுவலர்கள் நகரை ஆண்டனர். அவர்களுள் திறமையாளரும் நேர்மையாளரும் இருந்திருக்கலாம். விளக்குப் போடப்பட்டிருக்கலாம், ஆனால் விளக்கு எரியவில்லை என்று ஒரு தெருவின் சார்பில் எழுந்து கேட்பதற்கு இருக்கை இல்லை. ஆண்களுக்கும் அது இல்லை, உண்மைதான். ஆனால் ஆணுக்குத் தேநீர்க்கடையும் கட்சி அலுவலகமும் இருந்தன.

இக்காலத்தில் பெண்களின் பாதுகாப்புக்காக ஒன்றும் நடைபெறவில்லை என்பதில்லை. 1992இல் ஆயிரம்விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 1998இல் கேலிக்கொடுமையால் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தபின் அதனைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது. இவை மாநில அரசின் செயல்கள். நிகழ்ந்தபின் விசாரிக்கும் ஏற்பாடுகள். நிகழாமல் தடுக்கும் சிறுசிறு காரியங்கள், அதாவது விளக்கு, நடைபாதை, கழிப்பிடம், புதர் மண்டாத காலிமனை ஆகியவை, நகராட்சிக்கு உரியவை. அந்த வீடுதான் பூட்டிக் கிடந்தது.

பூட்டைத் திறந்தது 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம். 1993இல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் என்பதையும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் என்பதையும் ஒருங்கே கட்டாயமாக்கியது. ஆகவே சென்னைக்கு மன்றம் மீண்டதும் பெண்கள் அதில் திரளாக நுழைந்ததும் 1996ஆம் ஆண்டின் அதே தேர்தலில்தான். இதனை எவரும் போதிய அளவு எடுத்துப் பேசுவதில்லை.

நம் மேற்குப் புறநகரின் கதை சற்றே வேறு. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. பெண்களை இரவில் ஆலைகளில் பணியமர்த்தலாகாது என்னும் தொழிற்சாலைச் சட்ட விதியை 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. தொழிலாளியான ஒரு பெண்ணே தொடுத்த வழக்கு அது. வேலைக்கான உரிமையில் ஆணும் பெண்ணும் ஒன்று என்ற நீதிமன்றம், இல்லத்துக்கு அருகிலிருந்து அழைத்துச் சென்று மீண்டும் கொண்டுவந்துவிட ஊர்தி வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளையும் விதித்தது. ஆலைவாயில் வரை சட்டம் வந்தது. ஊர்தி தெருமுனையில் நின்றுவிட்டால் எஞ்சிய இருநூறடி யாருடையது? உள்ளாட்சி மன்றத்தினுடையது.

2011இல் அம்பத்தூர் நகராட்சி உள்ளிட்ட 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னையுடன் இணைக்கப்பட்டன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426ஆக விரிந்தது; 155 வட்டங்கள் 200 ஆயின. தனக்கென ஒரு மன்றமும் தலைவரும் கொண்டிருந்த அம்பத்தூர், 79 முதல் 93 வரையிலான 15 வட்டங்கள் கொண்ட ஏழாம் மண்டலமாயிற்று. பெருநகரத்தின் பெயர் கிடைத்தது. இருநூறில் பதினைந்து குரலும் கிடைத்தது. அக்குரலும் ஐந்தாண்டே ஒலித்தது. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அறிவித்த தேர்தல் நீதிமன்ற வழக்கில் நின்றது. மீண்டும் தனி அலுவலர் ஆட்சி, 2022 வரை. ஆவடியின் நிலை இன்னும் விந்தையானது. 2019இல் அது மாநகராட்சியாக உயர்ந்தபோது மேயரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. பெயர்ப்பலகை முதலில் வந்தது; 48 வட்டங்களுக்கு உறுப்பினர் வர 2022 பிப்ரவரி ஆயிற்று. பூந்தமல்லி நகராட்சியும் அதே காலம் காத்திருந்தது.

இதிலுள்ள முரணைக் கவனிக்க வேண்டும். பெண்களின் பங்கை 50 விழுக்காடாக உயர்த்திய சட்டம் நிறைவேறியதும் 2016ஆம் ஆண்டில்தான். பாதி இருக்கை பெண்களுக்கு என்று எழுதிய அதே ஆண்டில் இருக்கைகளையே எடுத்து வைத்துவிட்டோம். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் காலை வேளையில் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை. வழக்கு ரயில்வே காவலரிடமிருந்து நகரக் காவலருக்கு மாறியது. நிலையம் ரயில்வேக்கு, சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, பேருந்து போக்குவரத்துக் கழகத்துக்கு, காவல் மாநில அரசுக்கு என்று பிரிந்து கிடக்கும் நகரத்தில், பெண் நடக்கும் வழி மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

2022க்குப்பின் நிகழ்ந்தவற்றைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. 21 மாநகராட்சிகளில் 11இன் மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நிர்பயா நிதியிலான பாதுகாப்பான நகரத் திட்டத்துக்கு 2018இல் தேர்வான எட்டு நகரங்களுள் சென்னையும் ஒன்று. மாநகராட்சிக்குள் பாலினக் கொள்கை ஆய்வகம் ஒன்றும் அமைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் ஆவடிக்குத் தனிக் காவல் ஆணையரகம் வந்தது. உறுப்பினர் மனைவியாக இருக்க, கணவர் கோப்புப் பார்க்கும் வழக்கம் பல ஊர்களில் பேசப்படுகிறது. அது கேலிக்குரியதே. ஆனால் அதைக் காட்டி ஒதுக்கீட்டையே பழிப்போர், தகப்பன் பெயரால் உறுப்பினரான ஆண்களை எக்காலத்திலும் கேலி செய்ததில்லை.

இலக்கிய மலரில் விளக்குக் கம்பத்துக்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நம் வட்டத்தின் மாதக்கூட்டம் மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. கவியரங்கம் சூடுபிடிக்கும் எட்டு மணிக்குப் பெண் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுகிறார்கள். கடைசியில் படிக்க அழைக்கப்படும் கவிஞர் இந்தப் பத்தாண்டுகளில் பெரும்பாலும் ஆணே. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ செல்வது எளிதாகியிருக்கிறது. அவர்கள் கணக்கிடுவது இறங்கியபின் நடக்க வேண்டிய தெருவை. அந்தத் தெருவின் உறுப்பினர் 2022 மார்ச்சில் பதவியேற்றார். சட்டம் அவருக்கு அளித்த காலம் ஐந்தாண்டு. அது முடியும் நாளில் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று நம் வட்டம் ஒரு தீர்மானம் இயற்றி, மூன்று ஊர் மன்றங்களுக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் அனுப்பி வைக்கலாம்.