ரசிகர் மன்றம் வைக்காத ரசிகர்கள்

போன மாதம் பேரனுடன் வத்தல்மலைக்குப் போயிருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஏறிக்கொண்டிருந்தபோது, அவன் கைப்பேசியில் ஒரு இயந்திர நாய் படியேறுவதைக் காட்டி, "தாத்தா, இது நிஜ ரோபோ நாய்" என்றான். "எனக்கு ரொம்ப நாளாகப் பழக்கமான நாய்தான். பெயர் ஜீனோ. நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே இந்த மலைக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறது" என்றேன். அவன் நம்பவில்லை. கீழே இறங்கிய பிறகும் அந்த நினைவு என்னை விடவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ரசிகர் மன்றம் என்றாலே சினிமா நடிகருக்குத்தான். கொடி, தோரணம், முதல் காட்சிக்கு விசில், கட்அவுட்டுக்குப் பால். விஞ்ஞானக் கதைகளுக்கு ரசிகர் மன்றம் இருந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அப்படிப்பட்ட மன்றங்கள் உலகத்தில் தொடங்கி நூறு வருஷம் ஆகப்போகிறது. நம் நாட்டில் கல்கத்தாவிலும் ஒன்று இருந்தது. தருமபுரியில் மட்டும் பெயர்ப்பலகை வைத்த மன்றம் எதுவும் இருந்ததில்லை. ஏன் இல்லை என்று யோசித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த பதில், ஒரு தபால் முகவரி.

1926 ஏப்ரலில் அமெரிக்காவில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் விஞ்ஞானக் கதைகளுக்கென்றே வந்த முதல் பத்திரிகை அதுதான். அதில் வாசகர் கடிதம் எழுதுகிறவர்களின் பெயரோடு, கதவு எண், தெரு, ஊர் என்று முழு விலாசத்தையும் அச்சிட்டார்கள். இதனால் என்ன ஆயிற்று? கடிதத்தைப் படித்த இன்னொரு வாசகன், ஆசிரியருக்கு எழுதாமல் நேராக அந்த விலாசத்துக்கே எழுத ஆரம்பித்தான். தன் ஊரில் இந்த மாதிரிக் கதை படிக்கிறவன் தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த பையன்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். அப்படிக் கடிதம் வழியாகச் சேர்ந்தவர்கள் சிகாகோவை மையமாக வைத்து ஒரு கடிதக் கழகம் அமைத்து, 1930 மே மாதம் 'தி காமெட்' என்ற சிறு இதழைக் கொண்டுவந்தார்கள். ரசிகர்களே தயாரித்த முதல் விஞ்ஞானக் கதை இதழ் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட இதழ்கள் பல எப்படி வெளிவந்தன என்பதை என் வயது குமாஸ்தாக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எல்லாம் ஸ்டென்சில்தான். தட்டச்சில் ரிப்பனைக் கழற்றிவிட்டு மெழுகுத் தாளில் அடித்து, தப்பான எழுத்துக்குச் சிவப்புத் திரவம் தடவி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருளையைச் சுற்றி, விரலெல்லாம் மசி. நாம் சுற்றறிக்கைக்குச் செய்ததை அவர்கள் செவ்வாய் கிரகத்துக்காகச் செய்தார்கள். கிளீவ்லாந்தில் ஜெரி சீகல் என்ற பள்ளி மாணவன் தன் நண்பன் ஜோ ஷஸ்டரின் படங்களோடு, 1933 ஜனவரியில் அப்படி ஒரு கையடக்க இதழில் 'சூப்பர்மேன்' என்ற பெயரை முதன்முதலில் ஒரு கதைக்கு வைத்தான். அதில் வந்தவன் வில்லன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஆளை மாற்றி, 1938இல் அந்த இருவரும் கொண்டுவந்த நாயகனை இன்று உலகமே அறியும்.

இங்கிலாந்தில் 1937 ஜனவரி 3ஆம் தேதி, லீட்ஸ் நகரத்துப் பிரம்மஞான சபைக் கட்டடத்தில் விஞ்ஞானக் கதை ரசிகர்கள் ஒரு மாநாடு கூட்டினார்கள். மாநாடு என்று பெயர்தானே தவிர, வந்தவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அதில் ஒருவர் 19 வயது ஆர்தர் கிளார்க். அவர் அப்போது என்ன உத்தியோகம் பார்த்தார் தெரியுமா? லண்டனில் அரசாங்கத் தணிக்கைத் துறையில் எழுத்து வேலை. ஆசிரியர்களின் ஓய்வூதியக் கணக்கைச் சரிபார்ப்பது! இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பென்ஷன் பேப்பரைப் பார்த்துக்கொண்டே நிலாவுக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம் என்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டதல்லவா? அதே கிளார்க்தான் 1945இல், பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள்களை வைத்து உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று கட்டுரை எழுதினார். 1956இல் இலங்கைக்குக் குடிவந்து கடைசிவரை அங்கேயே இருந்தார்.

கிளார்க் இலங்கையில் இருந்தது கல்கத்தாக்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று. வங்காளத்தில் அத்ரீஷ் பர்தன் என்ற எழுத்தாளர் 1963 ஜனவரியில் 'ஆஷ்சர்ஜோ' என்ற விஞ்ஞானக் கதைப் பத்திரிகையைத் தொடங்கினார். நம் நாட்டில் இந்த வகைக் கதைகளுக்கென்றே வந்த முதல் பத்திரிகை அது. தலைப்புக்கு 'ஆச்சரியம்' என்று பொருள். ஆசிரியர் பெயரை 'ஆகாஷ் சென்' என்று புனைபெயராகப் போட்டுக்கொண்டார். அதைச் சுற்றிச் சேர்ந்த ஆட்கள் 1966 ஜனவரி 26ஆம் தேதி, குடியரசு தினத்தன்று, விஞ்ஞானக் கதைப் படங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். தலைவர் சத்யஜித் ராய். துணைத் தலைவர் பிரேமேந்திர மித்ரா. செயலாளர் அத்ரீஷ் பர்தன். கழகத்தின் சின்னத்தை ராயே வரைந்து கொடுத்தார். 'பதேர் பாஞ்சாலி' எடுத்தவர், பறக்கும் தட்டுப் படம் பார்க்கும் கழகத்துக்குத் தலைவர்! எங்கள் அலுவலகத்தில் அந்தக் காலத்தில் இதைச் சொல்லியிருந்தால், படித்தவர்கள் செய்யும் காரியமா என்று கேட்டிருப்பார்கள்.

இந்தக் கழகத்துக்கு வாழ்த்துக் கேட்டு ராய் கொழும்பில் இருந்த கிளார்க்குக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் வந்தது. கடிதப் போக்குவரத்து வளர்ந்தது. பிறகு லண்டனில் இருவரும் சந்தித்தார்கள். அப்போது கிளார்க், ஸ்டான்லி குப்ரிக்கோடு '2001' படத்தில் மூழ்கியிருந்தார். ராய் தன் மனதில் இருந்த ஒரு கதையைச் சொன்னார். வங்காளத்துக் கிராமம் ஒன்றின் குளத்தில் ஒரு விண்கலம் இறங்குகிறது. தண்ணீருக்கு மேலே தெரியும் நுனியைப் பார்த்துவிட்டு, மூழ்கிப்போன கோயில் மேலே வந்திருக்கிறது என்று ஜனங்கள் கும்பிடுகிறார்கள். உள்ளே இருந்து வந்த பிராணியோ ஒரு ஏழைச் சிறுவனோடு சிநேகமாகிறது. 1967இல் ராய் இதைத் திரைக்கதையாக எழுதினார். ஹாலிவுட்வரை பேச்சு போனது. பீட்டர் செல்லர்ஸ் நடிப்பதாகவும் இருந்தது. ஆனால் படம் எடுக்கப்படவே இல்லை. 1982இல் ஸ்பீல்பெர்க்கின் 'இ.டி.' வந்தபோது இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையைப் பலர் பேசினார்கள். தனக்கும் அந்தத் திரைக்கதைக்கும் சம்பந்தமில்லை என்று ஸ்பீல்பெர்க் மறுத்துவிட்டார். கல்கத்தாக் கழகம் சில வருஷங்களே நடந்தது. ஆனாலும் அதன் கதையை நாள், பெயர், பதவியோடு இன்று என்னால் எழுத முடிகிறது. காரணம், அவர்கள் கடிதம் எழுதினார்கள், பத்திரிகை போட்டார்கள், வைத்துக்கொண்டார்கள்.

நிற்க. நம் பக்கத்துக்கு வருவோம்.

விஞ்ஞானக் கதை நமக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம், அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து 'காடு' என்ற படம் எடுத்தார். ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. கதையில் பூமியை விட்டே அழிந்துபோன மயிர் யானைகள் வரும். நம் ஊர் யானைகளுக்கே ரோமம் ஒட்டி நடக்கவைத்தார்கள். தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. 1965 அக்டோபர் 2ஆம் தேதிதான் தனி மாவட்டம் ஆனது. ஆகவே எங்கள் ஜில்லாக்காரர் செய்த வேலை என்று நாங்கள் உரிமை கொண்டாடலாம். 1963இல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி' வந்தது. வேறு கிரகத்தில் எல்லாம் இருக்கிறதாம், சங்கீதம்தான் இல்லையாம். அதற்காகப் பாடத் தெரிந்த பெண்ணை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதைவிடத் தமிழ்த்தனமான ஒரு விண்வெளிக் கதையை யார் யோசித்திருக்க முடியும்?

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். என் முதல் விஞ்ஞானக் கதை ழுல் வெர்ன் எழுதியது. 'மர்மத் தீவு' நாவலில், நீர்மூழ்கிக் கப்பலில் திரியும் கேப்டன் நேமோ யார் என்ற ரகசியம் கடைசியில்தான் உடையும். அவர் ஒரு இந்தியர். புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார். அதோடு, திப்பு சுல்தானுக்கு மருமகன் முறை. 1857 கிளர்ச்சியில் வெள்ளைக்காரனை எதிர்த்தவர். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தப் பகுதியின் காரத்தைக் குறைத்து மாற்றிவிட்டார்கள். பிரெஞ்சில் படித்த எங்களுக்கு முழுசாகக் கிடைத்தது. அரசு வேலை கிடைத்து தருமபுரிக்கு வந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பாராமகால் சீமை 1792 வரை திப்புவின் ஆளுகையில் இருந்ததுதானே? வத்தல்மலையைப் பார்க்கும்போதெல்லாம், இது நேமோவின் மாமா ஆண்ட மண் என்று நினைத்துக்கொள்வேன்.

இதை ஒரு நாள் டீக்கடையில் சொன்னபோது சிரிக்காமல் கேட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் எங்கள் அலுவலகத் தட்டச்சர். ஒருவர் டிரான்சிஸ்டர் ரிப்பேர் செய்கிறவர். மூன்றாமவர் வத்தல்மலைக்கு மேலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போய்வந்த ஆசிரியர். எங்கள் கூட்டம் அவ்வளவுதான். 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தபோது இந்தக் கூட்டம் சூடு பிடித்தது. 2020களில் நடக்கும் கதை. நாட்டை ஆளும் ஜீவா, கணவனைத் தேடும் நிலா, அவளுக்குத் துணையாக ஜீனோ என்ற இயந்திர நாய். பக்கத்துப் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஒருவர் இப்படி எழுதுகிறாரே என்பதில் எங்களுக்குத் தனிப் பெருமை. எனக்கு இன்னொரு லாபமும் உண்டு. பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் எழுதிக்கொண்டிருந்த நான், சின்னச் சின்ன வாக்கியமாகக் கோப்புக் குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டது அந்தத் தொடரைப் படித்துத்தான்.

ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கங்களைக் கிழித்து வைப்போம். தொடர் முடிந்ததும் ஊசி நூல் போட்டுத் தைத்து, காலண்டர் அட்டையை மேலட்டையாக ஒட்டினோம். ஆசிரியர் நண்பர் அதை மலைக்கு எடுத்துப் போனார். அப்போது இந்தச் சாலை ஏது? அடிவாரத்திலிருந்து காட்டு வழியில் நடைதான். மாலையில் பாடம் முடிந்த பிறகு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினாராம். இறங்கி வந்ததும் அவர்கள் கேட்ட கேள்விகளை எங்களிடம் சொல்வார். ஒரு பெண் குழந்தை, "அந்த நாய்க்கு ராகிக் களி போடுவாங்களா சார்?" என்று கேட்டதாம். வேறொரு பையன், "இரும்பு நாயின்னா சிறுத்தை தூக்கிட்டுப் போகாதுல்ல?" என்றானாம். சுஜாதாவுக்கு இதைக் கடிதமாக எழுத வேண்டும் என்று நாலு பேரும் பேசினோம். எழுதவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டோம். 2008இல் அவரும் போய்விட்டார்.

தமிழ்ப் பத்திரிகைகளில் வாசகர் கடிதத்தின் கீழே பெயரும் ஊரும் மட்டும்தான் இருக்கும். இன்னார், கிருஷ்ணகிரி. இன்னார், அரூர். எங்களைப் போல் நாலு நாலு பேராக எத்தனை டீக்கடைகளில் இருந்தார்களோ! ஒருவருக்கொருவர் எழுத விலாசம் இல்லை. எல்லாரும் ஆசிரியருக்கு எழுதினோம், அதோடு முடிந்தது. ஜனம் இல்லாததால் மன்றம் இல்லாமல் போகவில்லை. விலாசம் இல்லாததால் போனது என்பது என் எண்ணம். பிறகு 1998இல் பக்கத்து வேலூரிலேயே அறிவியல் புனைகதை ஆய்வுக்காக அகில இந்திய அளவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது பேராசிரியர்களின் காரியம். அதற்குள் எங்கள் தட்டச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். ரேடியோக்காரர் கடையை மூடிவிட்டார். தைத்த புத்தகம் யாரிடம் போனது என்றே தெரியவில்லை.

அன்றைக்கு மலைமேல் ஒரு டீக்கடையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவரிடம் அந்த ஆசிரியரைப் பற்றிக் கேட்டேன். "தெரியாம என்னங்க? மழையில நனைஞ்சுக்கிட்டு வருவாரு. அவரு நனைவாரு, கையில இருக்கிற பொஸ்தகத்த மட்டும் பிளாஸ்டிக் பையில சுத்தியிருப்பாரு" என்றார். அது என்ன புத்தகம் என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை. ஜீனோ என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிச் சிரித்தார், அவ்வளவுதான். ஆசிரியர் நண்பர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது.

முப்பது வருஷத்துக்கு மேல் யார் யாருடைய கோப்பையோ எண் போட்டு, கட்டி, பத்திரமாக வைத்தவன் நான். கேட்ட தாளைப் பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பேன் என்று பெயர் வாங்கியவன். எங்கள் நாலு பேருக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. இப்போது ஒரு நோட்டில் நாலு பெயரையும், எந்த டீக்கடை, எந்தெந்தக் கதை என்று நினைவில் உள்ளவரை எழுதித் தேதி போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் தைத்து வைத்த தொடர்கதைப் புத்தகம் ஏதாவது இருக்கும். பழைய பேப்பர்க்காரருக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை எடுத்துத் தூசி தட்டுங்கள். அதைத் தைத்தது யார், இரவல் வாங்கிப் படித்தவர்கள் யார் யார் என்று கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஊர்ப் பெயரையும் மறக்க வேண்டாம். முடிந்தால் முழு விலாசம்.