செரண்டிப் தந்த சொல்

'செரண்டிப்பிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லை நம் குடியிருப்புப் பிள்ளைகள் எளிதாக வழங்கக் கேட்கின்றோம். அதன் பிறப்பை அவர்கட்கு எடுத்துரைத்தல் நம் கடன். ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1754 சனவரி 28-ஆம் நாள் நண்பர் ஒருவர்க்கு வரைந்த மடலில் இச்சொல்லைப் படைத்தார். செரண்டிப் என்பது அராபியரும் பாரசீகரும் இலங்கைக்கு இட்ட பெயர். அந்நாட்டு இளவரசர் மூவர், வழியின் ஒருபுறத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருத்தலைக் கண்டு, அவ்வழிச் சென்ற விலங்குக்கு ஒரு கண் இல்லை என உணர்ந்த கதையே இதற்கு மூலம். காணாமற்போன ஒட்டகத்தைப் பற்றிய இத்தகைய கதை நம் அலகேச கதையிலும் உண்டு. பாட்டிமார் சொல்லக் கேட்டோர் நம்மிடையே இருப்பர்.

வால்போல் கருதியது வெறும் நற்பேறு அன்று. தேடாத பொருள் எதிர்ப்படுங்கால் அதன் அருமையை அறியும் நுண்ணறிவும் அதில் அடங்கும். இக்காலத்தார் அப்பாதியை மறந்தனர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்கெல்லாம் இப்பெயரைச் சூட்டுதலை நாம் ஒப்போம்.

1880 அக்டோபர் 21-ஆம் நாள், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண உ. வே. சாமிநாதையர் சென்றார். நூல் தேடிச் சென்றாரல்லர். அறிமுகம் வேண்டியே சென்றார். தாம் கற்ற நூல்களை ஐயர் அடுக்கினார், முதலியார் வியந்திலர். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். ஐயர் சினந்து திரும்பியிருக்கலாம். அவரோ மீண்டும் சென்று, முதலியாரிடமிருந்த கையெழுத்துப் படியைப் பெற்று வந்தார். 1887-இல் சிந்தாமணி அவர் பதிப்பாக வெளிவந்தது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அதன் பின்னரே அவர் கையால் அச்சேறின.